முதுகு காட்டிய பொம்மைகள்

அந்தக் கடைத்தெருவில் இரண்டு துணிக்கடைகள் நேருக்கு நேர் முறைத்துக்கொண்டு நின்றன. இந்தக் கடையின் கண்ணாடிக்குள் நிற்கும் ஏழு பொம்மைகளுக்கும் உடுத்திவிடுபவளை எல்லோரும் பொம்மைக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். எதிர்க்கடையில் அதே வேலையைச் செய்தவள் அவளுடைய நாத்தனார். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே குளியலறை. காலையில் ஒரே பேருந்தில் வந்து இறங்குவார்கள். தெருவின் நடுவில் பிரிவார்கள். அதற்குப் பிறகு நீ யாரோ நான் யாரோ.

இரண்டு பேரும் தனித்தனியாகப் பொம்மைக்காரியின் வீட்டுக்காரரிடம் எதிராளியின் கடையைப் பற்றித் துப்புக் கேட்டார்கள். மனைவிக்கும் தங்கைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டார். வேகமாகச் சாப்பிட்டார், வேகமாக எழுந்தார். இரண்டு மாதத்தில் இளைத்தே போனார்.

எதிர்க்கடையில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போட்ட நாளிலிருந்து இந்தக் கடை காற்று வாங்கியது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து இறங்கினார். வாயைத் திறந்தால் நூற்றுக்கு இத்தனை என்றுதான் பேசுவார் என்பதால், வந்த அன்று மத்தியானமே அவருக்குச் சதவீதம் என்று பெயர் வைத்தாகிவிட்டது. நூற்றுக்கு எழுபது பேர் கண்ணாடியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்றார். பொம்மைகளைத் தூக்கிவிட்டு, கண்ணாடி முழுக்க அலுவலகம் அச்சடித்துத் தரும் படத்தை ஒட்டிவிடலாம் என்றார். பொம்மைக்காரி மறுபடி இரண்டாம் மாடிக்குப் போய்த் துணி மடிக்கலாம்.

அவள் ஆறு வருஷம் மடித்தவள். சட்டையை விரித்துப் பார்த்துவிட்டுப் போகிறவர்களின் முதுகைப் பார்த்தபடி மறுபடி மறுபடி மடித்தவள். ஒரே ஒரு சனிக்கிழமை கொடுங்கள் என்று கேட்டாள். அவர் கொடுத்தார். பன்னிரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை அவரே கட்டைவிரலால் அமுக்கினால் எண்ணிக்கை ஏறும் இரண்டு கருவிகளோடு நடைபாதையில் நின்று ஆள் எண்ணுவார். வலது கைக் கருவியில் இந்தக் கடைக்குள் நுழைகிறவர்கள், இடது கைக் கருவியில் எதிர்க்கடைக்குள் நுழைகிறவர்கள். வலது ஜெயித்தால் கண்ணாடி அவளுக்கு.

யோசனை அவளுக்குப் பல் துலக்கும்போது வந்தது. நாத்தனார் அடுத்த ஆளாக வெளியே காத்திருந்ததால், வாயில் நுரையோடு சிரித்துக்கொண்டாள். பொம்மைகளைத் தெருவுக்கு முதுகைக் காட்டித் திருப்பி நிறுத்திவிடுவது. ஏழும் கடைக்குள்ளே எதையோ எட்டிப் பார்ப்பதுபோல் நிற்க வேண்டும். என்னத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று தெருவே உள்ளே வந்துவிடாதா?

சனிக்கிழமை காலை கண்ணாடிக்குத் திரை போட்டுவிட்டு, பின்னறையில் பொம்மைகளுக்கு உடுத்தினாள். பொம்மைகள் ஒல்லி. அவற்றுக்கென்று வருவதோ விற்காமல் தங்கிய பெரிய சைஸ்கள். அதனால் முன்பக்கம் சிக்கென்று நிற்பதற்கு, மிச்சத் துணியை முதுகுப் பக்கம் இழுத்துக் கிளிப் போடுவார்கள். உலகத்தில் எந்தத் துணிக்கடைப் பொம்மையும் முதுகைக் காட்டாது. இவள் கைப்பழக்கத்தில் இழுத்தாள், மடித்தாள், கிளிப் போட்டாள். தூக்கிப்போய் நிறுத்தினாள். கடைக்குள் நின்று பார்த்தாள். ஏழு முகங்களும் அவளைப் பார்த்தன. ஒரு சுருக்கம் கிடையாது. அவளுக்கே பொறாமையாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்குத் திரையை விலக்கினாள்.

தெரு ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் சிரித்தது. அவள் எதிர்பார்த்த சிரிப்பு அது இல்லை. ஓடிப்போய் வெளியிலிருந்து பார்த்தாள். கோட்டின் முதுகில் பதினோரு கருப்புக் கிளிப். கவுனின் முதுகில் ஆணிப்படுக்கைபோல் குண்டூசி. ஒரு கால்சட்டையின் பின்னால், உள்ளே திணிக்க மறந்த துணி வால் மாதிரி தொங்கியது. எதிர்க்கடை வாசலில் நாத்தனார் தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள்.

கூட்டம் இருந்தது, ஆனால் வெளியே நின்று சிரிக்கிற ஆளுக்குக் கணக்கு கிடையாது. சதவீதத்தின் வலது கை சும்மா இருந்தது. இடது கை டிக், டிக் என்றது.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு பள்ளிக்கூட டீச்சர் முன்னால் வந்தார். போன மாதம் இதே கவுனை, பொம்மைமேல் அழகாக இருந்ததைப் பார்த்து வாங்கியவர். இப்போதும் அதைத்தான் போட்டிருந்தார். அது அவர்மேல் சாக்குமாதிரி தொங்கியது.

"ஒரு மாசமா நான் என் உடம்பைத் திட்டிட்டிருக்கேன்" என்றார் டீச்சர். "பொம்மைக்கு மட்டும் பின்னாடி கிளிப் போடுவீங்களா? எனக்கும் போடும்மா."

பொம்மைக்காரி டீச்சரைத் திருப்பி நிறுத்தினாள். இடுப்புப் பையில் கிளிப் இருந்தது, எதிரே முதுகு இருந்தது. நடைபாதையிலேயே இரண்டு இழுப்பு, நாலு கிளிப். டீச்சர் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார், வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம் எப்படி இருக்கு என்று கேட்டார். அவர் அசந்துபோய், எங்கே கிளிப் போடுகிறார்கள் என்று திருப்பிக் கேட்டார்.

கடைக்குப் பின்னால் ஒரு தையல்காரர் இருந்தார். கால்சட்டை நுனி மடிப்பதைத் தவிர வேறு வேலை யாரும் கொடுக்காததால், ஈ ஓட்டுவதில் தேர்ந்திருந்தார். அவரை இயந்திரத்தோடு வாசலுக்கு நகர்த்தினாள். ஒரு அட்டைப்பெட்டி மூடியைக் கிழித்து, 'பொம்மைக்குக் கிளிப், உங்களுக்குத் தையல்' என்று எழுதிக் கண்ணாடியில் சாய்த்து வைத்தாள். எடுக்கிற துணியில் அவள் கிளிப் போடுவாள், கிளிப் போட்ட இடத்தில் அவர் தைப்பார், அப்படியே போட்டுக்கொண்டு போகலாம்.

சதவீதம் தொழில் ரகசியம் என்று ஆரம்பித்தார். ஏழு முதுகில் தெரிவது இனி என்ன ரகசியம் என்று அவள் கேட்டாள். அதற்குள் அவருடைய வலது கட்டைவிரலுக்கு வேலை வந்துவிட்டது.

டிக். டிக்டிக். டிக்டிக்டிக்.

முதலில் தனியாள்கள் வந்தார்கள், பிறகு ஜோடிகள், பிறகு ஒரு குடும்பமே, மாமியார் முதல் மருமகள்வரை, முதுகைக் காட்டிக்கொண்டு வந்தது. தெரு முழுக்க ஜனங்கள் ஒருவர் முதுகை ஒருவர் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். தையல்காரர் நூல் மாற்றக்கூட நேரமில்லாமல், வெள்ளைச் சட்டையைச் சிவப்பு நூலால் தைத்துவிட்டார். வாங்கியவர் அதுதான் பிடித்திருக்கிறது என்றார். உடனே வரிசையில் ஆறு பேர் சிவப்பு நூல் கேட்டார்கள். நாலு மணிக்குச் சதவீதத்தின் கட்டைவிரல் பிடித்துக்கொண்டது. கருவிகளைக் கை மாற்றினார். ஐந்து மணிக்கு மறுபடி மாற்றினார்.

ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, தன் கடைக் கோட்டோடு நாத்தனார் வந்து நின்றாள்.

"வேவா?" என்றாள் பொம்மைக்காரி.

"வேவு பார்க்கத்தான் அண்ணி கிளம்பினேன். அங்க எங்க கடையில எனக்கும் பொம்மைக்கும்தான் பேச்சு. இந்தக் கோட்டு தோள்லயே நிக்க மாட்டேங்குது. பார்த்துப் போடுங்களேன்."

"உங்க மேனேஜர் பார்த்தா தொலைச்சிடுவார்டி."

"அவரே அங்க வரிசையில நிக்கிறார். தொப்பைக்குக் கிளிப் போட முடியுமான்னு கேட்டுச் சொல்லச் சொன்னார்."

உள்ளே கால் வைக்க இடமில்லை. பொம்மைக்காரி நாத்தனாரைக் கண்ணாடிக்குள்ளேயே ஏற்றி, இரண்டு பொம்மைகளுக்கு நடுவில் தெருவுக்கு முதுகு காட்டி நிறுத்தி, கோட்டை இழுத்துப் பிடித்தாள்.

மணி ஆறு. சதவீதம் இரண்டு கைகளையும் விரித்தார். ஒன்றில் எண்பத்து நாலு, இன்னொன்றில் அறுநூற்றுப் பதினேழு. எது எந்தக் கடை? வலதைப் பார்த்தார், இடதைப் பார்த்தார், நெற்றி வேர்த்தது. தலை நிமிர்ந்து தெருவைப் பார்த்தார். எதிர்க்கடை வாசலில் ஈ காக்கை இல்லை. இங்கே வரிசையில் அந்தக் கடையின் மேனேஜர் தொப்பையை எக்கிப் பழகிக்கொண்டிருந்தார். எதிர்க்கடையின் பொம்மைக்காரி இந்தக் கடையின் கண்ணாடிக்குள் எட்டாவது பொம்மையாக நின்றாள்.

அவர் கருவிகளைப் பைக்குள் போட்டார்.

"படம் வேண்டாம்னு எழுதிடுறேன்" என்றார் கண்ணாடி வழியாக. "கண்ணாடி உனக்குத்தான். நூத்துக்கு நூறு."

பொம்மைக்காரியின் வாயில் நாலு கிளிப் இருந்தது. தலையை மட்டும் ஆட்டினாள். கண் கலங்கியதில் ஐந்தாவது கிளிப்பைத் தவறான இடத்தில் போட்டுவிட்டு, எடுத்து மறுபடி போட்டாள்.

"அண்ணி" என்றாள் நாத்தனார், உதடு அசையாமல். "மூச்சு விட்டுக்கலாமா?"

"தோள் இன்னும் முடியலை. சும்மா நில்லுடி."