யானைக்குக் கொடுத்த அழுகை

விடிகாலை ஐந்தரை மணிக்கு முடிச்சூர் சாலையில் தண்ணீர் லாரிகள் ஓடத் தொடங்கியபோது, மூன்றாவது மாடியில் நாங்கள் பதினான்கு பேர் ஒரு யானையை நடக்க வைத்துக்கொண்டிருந்தோம். கீழே டைல்ஸ் கடை, நடுவில் டியூஷன் சென்டர், மேலே நாங்கள். அமெரிக்கக் கம்பெனிக்கான கார்ட்டூன் படம். அவர்கள் ஆபீஸ் மூடுவதற்குள் ஷாட் போய்ச் சேர வேண்டும் என்று அந்த வாரம் முழுக்க நாலு மணிக்கே ஷிஃப்ட்.

திரையில் ஒரு நொடி ஓட இருபத்துநாலு படம் வேண்டும். நாள் முழுக்கக் குனிந்து கிடந்தால் ஒருவருக்கு நாலைந்து நொடி தேறும். மெஹ்னாஸின் வலது மணிக்கட்டில் கிரேப் பேண்டேஜ். பேனாவைப் பிடித்தால் கட்டைவிரல் மரத்துப்போகிறது என்று மூன்று மாதமாகச் சொல்கிறாள். பாதிப் பேருக்கு அந்த வலி உண்டு. அதனால் ஹால் முழுக்கத் தைல வாசனை.

நான் சாலமன். இவர்களுக்கு லீட். அதைச் சொல்லவே இப்போது வெட்கமாக இருக்கிறது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பொம்மை என்ன செய்ய வேண்டுமோ அதை முதலில் நாங்களே செய்து செல்போனில் பிடித்துக்கொள்வோம். குரங்கு தாவ வேண்டுமென்றால் சிஸ்டம் பார்க்கும் ஜமீரைக்கூட விடமாட்டோம், மேஜை மேல் ஏற்றிவிடுவோம். உடம்பின் கனம் எந்தக் காலில் விழுகிறது, எழுவதற்கு முன் ஒரு மனுஷி எவ்வளவு நேரம் தயங்குகிறாள் என்று அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் வரைவோம். அசைவதற்கு முன் தயங்குகிற இடத்தில்தான் பொம்மைக்கு உயிர் வருகிறது என்பது ஜான்சி அக்காவின் கட்சி. பதினாறு வருஷமாக இந்த வேலையில் இருப்பவர். அவர் வேண்டாம் என்று ஒதுங்கியதால்தான் நான் லீட் ஆனேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் அக்காவின் அப்பா சவுரிமுத்து இறந்துபோனார். பத்தாம் நாள் அக்கா வேலைக்கு வந்தார். அன்று அவருக்கு விழுந்த ஷாட், குஞ்சைப் பறிகொடுத்த தாய்க்குருவி அழுவது. மாடிப்படியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு நடிக்க ஆரம்பித்தவர் நிஜமாகவே அழுதுவிட்டார். இடது புறங்கையால் மூக்கைத் துடைத்தார். யாராவது பார்த்துவிட்டார்களோ என்று படியின் மேலும் கீழும் பார்த்தார்.

"சாலமன், இது நீயும் நானும் மட்டும் பாக்கறதுக்கு. ஷாட் முடிஞ்சதும் அழிச்சிடு" என்றார், வீடியோவை என்னிடம் கொடுத்தபோது.

"சரிக்கா" என்றேன். அழிக்கவில்லை. அவ்வளவு அருமையான ரெஃபரன்ஸை அழிக்க மனசு வரவில்லை. 'ஜான்சி - அழுகை' என்று பெயர் போட்டு, ஆயிரத்துச் சொச்சம் வீடியோக்களோடு ஒழுங்காக அடுக்கி வைத்தேன். ஒழுங்குக்கு நான் பேர்போனவன்.

இந்தப் பொங்கல் முடிந்த வாரம் முதலாளி முனிரத்தினம் சார் என்னை அறைக்குள் கூப்பிட்டார். "அந்த வீடியோ எல்லாத்தையும் ஒரு ஹார்ட் டிஸ்க்ல போட்டுக் குடுப்பா. புது சாஃப்ட்வேருக்கு வேணும். ஆளைக் குறைச்சாலும் உன் பேரு லிஸ்ட்ல இருக்கும்."

எதற்குக் கேட்கிறார் என்று புரியவில்லை என்று நான் சொன்னால் அது பொய். நன்றாகவே புரிந்தது: எங்கள் வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு சாஃப்ட்வேரே அசைவைப் போட்டுவிடும், ஆள் வேண்டியிருக்காது. மேடவாக்கத்து வாடகை வீடும் மகள் ஏஞ்சலின் பள்ளிக்கூடமும் கண் முன்னால் வந்தன. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்துவிட்டேன்.

நாங்கள் யானையை நடக்க வைத்த அந்தக் காலை, ஏழு மணிக்கு சார் வந்தார். எல்லோரையும் மேஜையை விட்டு எழுப்பிப் பெரிய திரை முன்னால் நிற்க வைத்தார். திரையில் ஒரு காடு, செத்துக் கிடக்கும் குட்டி, பக்கத்தில் தாய் யானை. யானை குலுங்கி அழுதது. இடது முன்னங்காலைத் தூக்கித் தும்பிக்கையைத் துடைத்தது. பிறகு மேலேயும் கீழேயும் பார்த்தது.

மெஹ்னாஸ் சிரித்துவிட்டாள். "அக்கா, நீங்க மூக்கு துடைக்கிற மாதிரியே இருக்கு! யாரு பண்ணது?"

"யாரும் பண்ணல. சாஃப்ட்வேர் பண்ணிச்சு" என்றார் சார். "கால் மட்டும் தரையில வழுக்குது, கனமே இல்ல. அந்த மாதிரி சில்லறை வேலையை சரி பண்ண அஞ்சு பேர் போதும். மத்தவங்களுக்கு இந்த மாசத்தோட முடியுது."

சிரிப்பு நின்றது. ஜான்சி அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது எங்கப்பா செத்தப்ப நான் அழுதது சார்."

"ஆபீஸ் ஷாட்டுக்கு ஆபீஸ் நேரத்துல எடுத்த வீடியோம்மா. கம்பெனி சொத்து."

"என் அழுகையா?"

சார் போனைக் காதில் வைத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

"எப்படி வெளிய போச்சு?" என்றாள் மெஹ்னாஸ்.

"சாலமன் அப்பவே அழிச்சிட்டான்" என்றார் அக்கா, கொஞ்சமும் சந்தேகமில்லாமல். "சர்வர்ல காப்பி இருந்திருக்கும், அதுல இருந்துதான் எடுத்திருக்கணும்."

சர்வர் அறைச் சாவி ஜமீரிடம்தான் இருக்கும். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வீடியோவைக் கொடுத்ததைவிடக் கேவலம் அந்தப் பார்வை.

"என்னை இன்னாத்துக்கு பாக்குறீங்கோ? நான் எடுக்கலக்கா. என் புள்ள மேல சத்தியம்" என்றான் ஜமீர்.

ஒன்பது மணிக்கு டீக்கடையில் அவன் தனியாக நின்றான். தினமும் அவனோடு பன்னைப் பிட்டுத் தின்னும் மெஹ்னாஸ் முதுகைக் காட்டி நின்றாள். பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டு ஜமீர் என்னிடம் வந்தான்.

"நான் வேலைய வுட்டு பூட்டேன்னு சார்கிட்ட சொல்லிடு மச்சான். திருடன்னு பேரு வாங்கிகினு இங்க குந்த முடியாது."

அவன் இந்த உலகத்தில் நம்பிச் சொல்ல வந்த ஆள் நான்.

"நான்தான் குடுத்தேன்" என்றேன். குரல் எழும்பவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னேன். "ஜமீர் இல்ல. அந்த வீடியோவை நான் அழிக்கல. எல்லாத்தையும் நான்தான் குடுத்தேன். என் பேரு லிஸ்ட்ல இருக்கும்னு சொன்னாரு."

ஜமீர் என் சட்டையைப் பிடித்தான். "நீயும் சேந்து என்னைப் பாத்தியேடா!" பிடித்த வேகத்திலேயே விட்டுவிட்டான். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அக்கா என் பக்கமே திரும்பவில்லை. "ஜமீர், ஒரு வார்த்தை விசாரிக்காம உன்னை சந்தேகப்பட்டுட்டேன். தப்புப்பா" என்றார். பிறகு எல்லோரையும் பார்த்துக் கேட்டார். "அந்த யானை ஏன் மேலயும் கீழயும் பாத்துச்சு? படிக்கட்டுல ஆள் வருதான்னு நான் பாத்தேன். காட்டுல ஏது படிக்கட்டு? துக்கத்துல இருக்கவ எதுக்கு வெக்கப்படுறான்னு அந்த மெஷினுக்குத் தெரியாது. நாம தொட்டாத்தான் அது யானை. தொடலன்னா அது வெறும் படம்."

"அப்ப தொட வேணாம்" என்றாள் மெஹ்னாஸ்.

"லிஸ்ட்ல இருக்கறவங்க?" என்று எங்களோடு வரையும் மாரி கேட்டான். அதில் இன்னும் யார் யார் என்று யாருக்கும் தெரியாது.

"என் பேரு இருக்கு. நான் தொட மாட்டேன்" என்றேன்.

இப்போதுதான் அக்கா என்னைப் பார்த்தார். "டீக்கடையில யாரு வேணா சொல்லலாம். மேல வந்து சார் முன்னால சொல்லு."

மேலே போய்ச் சொன்னேன். வீடியோக்களை எங்கள் கண் முன்னால் அழிக்க வேண்டும், ஒருவரையும் அனுப்பக் கூடாது, மெஹ்னாஸின் கைக்குக் கம்பெனி வைத்தியம் பார்க்க வேண்டும். அதுவரை அந்த யானையை ஒருவரும் தொடமாட்டோம்.

"உனக்கு நல்லது பண்ணேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றார். "பொத்தேரி காலேஜ் வாசல்ல நின்னா நூறு பசங்க வருவாங்க, தெரியுமில்ல?"

"கூட்டிட்டு வாங்க சார்" என்றார் அக்கா. "அது யாரோட அழுகைன்னு அவங்ககிட்டயும் சொல்லுவோம்."

"நாளைக்கு ஷாட் போகலன்னா ப்ராஜெக்ட்டே போயிடும். எல்லாரும் தெருவுலதான்."

"தெருவுக்குத்தானே சார் அனுப்பறீங்க?" என்றாள் மெஹ்னாஸ்.

கதவு சாத்திக்கொண்டது. அவர் சொன்னது நடந்தாலும் நடக்கலாம். யாரும் அதை மறுக்கவில்லை. ஒவ்வொருவராகப் பேனாவை வைத்துவிட்டுத் தரையில் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் மட்டும் கதவருகில் நின்றேன். அந்த வரிசையில் போய் உட்கார எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நினைத்தேன்.

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத. அதுக்கு நாளாகும், ஆகாமலும் போகலாம்" என்றார் அக்கா. "இப்ப உக்காரு. ஆள் குறையுது."

ஜமீர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். அவன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், அவன் தோளை ஒட்டி உட்கார்ந்தேன்.