ஸ்தோத்திரம் சொல்லாத சாட்சி

அந்த ஞாயிறு சாட்சி சொல்லும் முறை தயாளினிக்கு வந்தது. அரியாலைக் கடற்கரையோரம் தகரக் கூரை போட்ட அந்தச் சபையில் ஒவ்வொரு கிழமையும் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துத் தன் கஷ்டத்தைச் சொல்லி, ஆண்டவர் அதை நன்மையாக்கினதையும் சொல்லி, "ஸ்தோத்திரம்" என்று முடிக்கவேண்டும். அந்தச் சொல் விழுந்ததும் லவீனா கீபோர்ட்டில் பாட்டைத் தொடங்குவாள். என்ன சொல்லவேண்டும் என்பதைக்கூடப் போதகர் வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"சகோதரி, உந்தப் பாடுகளாலை என்ரை விசுவாசம் வளந்தது எண்டு சொல்லுங்கோ. சனத்துக்கு அது பெரிய ஆறுதல்."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். போதகருக்கு இரண்டு கால்களும் நன்றாக வேலை செய்தன.

தயாளினியின் புருசன் ஜெரிசன் முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டி, கடலடியில் அட்டை பிடிக்கச் சுழியோடினவன். ஒன்றரை வருடத்துக்கு முன் ஒருநாள் ஆழத்திலிருந்து மெல்ல மெல்ல வராமல் ஒரேயடியாக மேலே வந்துவிட்டான்; அப்படி வந்தால் இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டிவிடும். கரைக்கு வரும்போதே கால்கள் விறைத்திருந்தன. ஆசுபத்திரி பதினைந்து நிமிசத் தூரம். தயாளினி அவனை இந்தச் சபைக்குத்தான் கொண்டுவந்தாள். மூன்று நாளும் உபவாசம், போதகர் எண்ணெய் பூசிச் செபம். நாலாம் நாள் ஆசுபத்திரியில் டொக்டர் அவளை ஏறிட்டுப் பார்த்து, "அண்டைக்கே கொண்டந்திருக்கலாமே அம்மா" என்றார். அந்த ஒரு வசனத்தை அவள் வேதவசனத்தைவிட நன்றாகப் பாடமாக்கி வைத்திருந்தாள்.

அதன்பிறகு ஒவ்வொரு காலையும் அவனுடைய படுக்கைப்புண்ணைக் கழுவும்போது ஆண்டவரைத் திட்டுவாள். முன்பெல்லாம் சின்ன வயதில் பாடமாக்கின செபம், இரண்டு நிமிசத்தில் முடிந்துவிடும். திட்டத் தொடங்கினபிறகு அரைமணித்தியாலம் போதாமல் போனது. "பாத்துக்கொண்டுதானே இருந்தனீர்? என்ரை மண்டையிலை ஒரு குட்டுக் குட்டியிருக்கலாமே?" என்று கேட்பாள். பதில் வராது. அடுத்த நாளும் விடாமல் கேட்பாள்.

அன்று முதல் பாட்டு முடிகிற நேரம் வாசலில் ஒரே சலசலப்பு. நிருஷனை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தினார்கள். அவனும் அட்டைக்குச் சுழியோடுகிறவன்தான். பின்னால் அவன் மனைவி அருந்ததி அழுதபடி ஓடிவந்தாள்.

"விடியக் கடலாலை வந்தவர், பாஸ்ரர். ரெண்டு காலும் விறைக்குதாம். எழும்பி நிக்கேலாதாம்."

"பயப்பிடாதேங்கோ" என்று போதகர் எண்ணெய்ப் போத்தலை எடுத்தார். "முதல்லை சாட்சியைக் கேப்பம். எல்லாருக்கும் விசுவாசம் எழும்பட்டும்."

ஒலிவாங்கி தயாளினியின் கைக்கு வந்தது. நிருஷன் தன் தொடையைத் தானே கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெரிசனும் இதே இடத்தில் இருந்து இப்படித்தான் கிள்ளிப் பார்த்தான். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"என்ரை மனுசன் நடக்கேல்லை" என்றாள். "அங்கை பின்னுக்குச் சக்கரக்கதிரையிலை இருக்கிறார், திரும்பிப் பாருங்கோ. அது ஆண்டவர் தந்த பாடு எண்டு சொல்லட்டாம். ஆண்டவர் தரேல்லை. நான் குடுத்தது. இந்தப் போத்தல் குடுத்தது. மூண்டு நாள்! அருந்ததி, எழும்பு பிள்ளை. இப்பவே அவரை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோ!"

"சகோதரி, கோவத்திலை கதைக்கக்கூடாது. ஸ்தோத்திரம் சொல்லி முடியுங்கோ."

"கோவம்தான் பாஸ்ரர். ஒண்டரை வருசமா நான் ஆண்டவரோடை சண்டை பிடிக்கிறன். அவர் ஒருநாளும் என்னை வாயைப் பொத்தச் சொல்லேல்லை. நீங்கள் சொல்லுறியள்! வாசல்லை நிக்கிற சபை வானின்ரை திறப்பைத் தாங்கோ."

எப்போது தொடங்குவதென்று தெரியாமல் லவீனா கீபோர்ட்டில் கையை வைத்தபடி முழித்தாள். அப்போது பின்னாலிருந்து ஜெரிசனின் குரல் வந்தது. நடக்காமல் போன நாள்முதல் சபையில் வாய் திறக்காதவன் அவன்.

"குடுங்கோ, பாஸ்ரர். எனக்குச் செய்ததை அவனுக்கும் செய்யாதேங்கோ."

போதகரின் முகம் கறுத்துப்போனது. போத்தலை மேசையில் வைத்தார். திறப்பைப் பையிலிருந்து எடுத்தார். ஒருவரிடமும் கொடுக்காமல் தானே போய் வானை ஸ்ராட் பண்ணினார்.

பின் இருக்கையில் நிருஷனை நீட்டிப் படுக்கவைத்தார்கள். தலை அருந்ததியின் மடியில், கால்கள் தயாளினியின் மடியில். பெரிய வீதியில் ஏறினதும் அருந்ததி கெஞ்சினாள்.

"பாஸ்ரர், ஒரு செபம் சொல்லுங்கோவன்."

போதகர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். "தயாளினி சொல்லட்டும்" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது.

தயாளினி அந்தக் குளிர்ந்த பாதங்களை இறுக்கிப் பிடித்தாள். இத்தனை நாளும் தன் வீட்டுக்காக மட்டும்தான் சண்டை பிடித்தாள். இன்னொருத்திக்காக வாய் திறப்பது இதுதான் முதல் தடவை. கோபம் துளியும் குறையவில்லை. கண்ணைக்கூட மூடாமல் சொன்னாள்.

"ஆண்டவரே, இந்தமுறை நாங்கள் நேரத்தோடை வெளிக்கிட்டிட்டம். நீர் பிந்தாதேயும்."

"ஆமென்" என்றார் போதகர், வேகத்தைக் கூட்டியபடி.