நன்றி பேனர்

கீழ்வேளூரைத் தாண்டி அந்த ஊருக்குள் ஜீப் திரும்பியதுமே குந்தவைக்கு ரத்தம் தலைக்கேறியது. பஸ் நிறுத்தத்தில் மூங்கில் நட்டுப் பெரிய பேனர். அதில் அவளே கைகூப்பிச் சிரித்தாள். அதுகூடப் போகட்டும், அதிகாரி வருகிறார் என்றால் பேனர் கட்டாமல் இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சோறு இறங்காது. கீழே வட்டத்துக்குள் இன்னொரு முகம், நீலாம்பாள். ‘என் காசநோய் ரகசியத்தைக் காத்த தகவல் பாதுகாப்பு அலுவலருக்கு நன்றி!’

காத்த லட்சணம்!

சொந்த ஊரில் மாத்திரை வாங்கப்போன நீலாம்பாளைப் படம்பிடித்து, வாட்ஸப்பில் போட்டுவிட்டான் ஒரு சுகாதார ஊழியன். நோய் குணமான பிறகும் நடவு வரிசையில் அவள் பக்கத்தில் நிற்க ஒருத்தியும் வரவில்லை. அக்காள் ஊரான இங்கே வந்துதான் மறுபடி சேற்றில் கால் வைத்தாள். அவள் புகாரை விசாரித்து ஊழியனுக்குத் தண்டனை வாங்கித் தந்தவள் குந்தவை. இந்த ஊருக்கு விஷயம் வராது என்று கையில் அடித்துச் சத்தியமும் செய்திருந்தாள்.

மாலையோடு ஓடிவந்தார் ஊராட்சிச் செயலர் இளையபெருமாள்.

“இந்தப் படம் உங்களுக்கு எப்படிக் கெடச்சுது?”

“உங்க ஆபீஸ் ஆர்டர்லயே இருந்துச்சு மேடம். அந்தம்மாகிட்ட குடுக்கச் சொல்லி எனக்குத்தான் அனுப்பியிருந்தீங்க.”

“கவர் மேல ரகசியம்னு போட்டிருந்துச்சே, பாக்கலையா?”

“பாத்தேன் மேடம். அதான் வீட்டு நம்பரைப் போடல.”

அறைந்துவிடலாம் போலிருந்தது. அவரையா, உறைக்குள் படத்தையும் சேர்த்து வைத்த தன் ஆபீஸையா? குந்தவை ஜீப்பிலிருந்து குதித்தாள். டீக்கடை வாழைத்தார் பக்கத்தில் கிடந்த கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தாள். பேனர் சரிந்தது. சுற்றிலும் செல்போன்கள் எழும்பின.

“போனைக் கீழ போடுங்கய்யா! மானம் கெட்ட ஜனம்!”

ஒரு போனும் இறங்கவில்லை. அதற்குள் நாற்றங்காலிலிருந்து சேற்றுக்காலோடு நீலாம்பாள் வந்துவிட்டாள். கூட நாற்றுப் பறித்த பெண்கள் வாய்க்கால் மதகோடு நின்றுவிட்டார்கள்.

அவள் அழவில்லை. குந்தவையின் கையிலிருந்த கத்தியை வாங்கி, பேனரில் தன் முகத்தை மட்டும் அறுத்தெடுத்துச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“இத நான் வச்சுக்கறேம்மா. என் மூஞ்சி எங்கிட்டயே இருக்கட்டும், உங்க காவல் போதும்.”