மூக்கு மேசை

மேசையில் ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. உடைந்த வாளியின் விளிம்பிலிருந்து நகத்தளவு ஒரு துண்டைக் கத்தரித்து, குறட்டில் பிடித்துச் சுடரில் காட்டினாள். பற்றிக்கொண்டதும் ஊதி அணைத்தாள். எழுந்த புகையை மூக்கருகே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுத்தாள். பிறகு வாளியைத் தூக்கி இரண்டாவது சாக்கில் போட்டாள். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. பத்தொன்பது நாளாக அவளுக்கு எந்த வாசமும் தெரியவில்லை என்பது அந்தக் கொட்டகையில் அவள் கணவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் மறுகோடியில், பிளாஸ்டிக்கை உருக்கும் இயந்திரத்தின் வாயருகே சரக்கைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

பழைய பிளாஸ்டிக் லாரி லாரியாக வந்து இறங்கும் கொட்டகை அது. இனம் பிரித்து, அரைத்து, உருக்கி, மிளகளவு மணிகளாக்கி விற்பார்கள். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். எரித்து முகர்ந்தால்தான் எது எந்த இனம் என்று தெரியும். சிலது அணைந்த மெழுகுவத்தி வாசம் அடிக்கும். சிலது பொசுங்கிய தலைமுடி. சிலது பூவைப் போல இனிக்கும். அதில் மயங்கி இரண்டாம் முறை இழுத்தால் அன்றைக்கு முழுக்கத் தலைவலிதான். பி.வி.சி. மட்டும் மூக்கில் ஊசி ஏற்றும். அதில் ஒரு கூடைகூட உருக்கும் இயந்திரத்தில் விழக்கூடாது. அந்தச் சூட்டில் அது அமிலப் புகையாகி இயந்திரத்தையும் ஆளையும் சேர்த்து அரித்துவிடும். பெரிய கம்பெனிகளில் இதைக் கண்டுபிடிக்க இயந்திரம் இருக்கிறதாம். இங்கே அதற்கு அவள் மூக்கு இருந்தது.

பதினொரு வருடமாக அந்த மேசை அவளுடையது. கொட்டகையில் அவளுக்கு 'மூக்கு' என்றுதான் பட்டம். முதலாளி நல்ல மனநிலையில் இருந்தால் 'மூக்கம்மா' ஆகிவிடுவாள். பக்கத்து மேசையில் மூடிகளைப் பிரிப்பவள் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சிரிக்க வைப்பாள். சளி பிடித்தால்கூட நீ முதலாளியிடம் எழுதி வாங்கிக்கொண்டுதான் தும்ம வேண்டும், அது அவர் சொத்து என்பாள். அந்த மேசைக்குக் கூலியும் மற்றவர்களைவிடக் கூடுதல். புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலையில் இருந்ததால் முதலாளியின் வரிசை வீடுகளில் கடைசி வீடு அவர்களுக்குக் கிடைத்திருந்தது. வேலை இருக்கும்வரை வீடு. அதை யாரும் எழுதி ஒட்டவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

விஷயம் அவர்கள் இருவருக்கும் தெரிந்தது பால் பொங்கிய அன்று. அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்தது. வெளியிலிருந்து வந்த கணவன் ஓடிப்போய்த் திருகை மூடினான், ஜன்னலைத் திறந்தான். பிறகு அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். குளியல் சோப்பை எடுத்து முகர்ந்தாள், பிறகு மண்ணெண்ணெய் பாட்டிலை, கடைசியில் அவனுடைய அழுக்குச் சட்டையை. எல்லாம் தண்ணீராக இருந்தது.

மருத்துவர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். என்ன வேலை என்று கேட்டார். அவள் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"உள்ள இருக்கற மெல்லிய தோல் பூராவும் வெந்துபோயிருக்கும்மா. இந்தப் புகைய விட்டு விலகினா ஒருவேளை திரும்பி வரலாம்."

"விலகாம வருமா டாக்டர்?"

அவர் மருந்துச் சீட்டை எடுத்தார். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

அன்று மாலை இருவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். உண்மையைச் சொன்னால் மேசை போகும். மூக்கை நம்பி வைத்திருந்த ஆளை வேறு எதற்கு வைத்துக்கொள்வார்கள்? சொல்லாமல் சமாளிக்கலாம் என்றான் அவன். மூக்கு இல்லாவிட்டால் என்ன, கண் இருக்கிறது, காது இருக்கிறது. பி.வி.சி. தண்ணீரில் மூழ்கும், மிதப்பது பெரும்பாலும் நல்ல சரக்கு. நெருப்பிலிருந்து எடுத்தால் பி.வி.சி. தானாக அணைந்துவிடும். தரையில் போட்டால் சத்தமும் வேறு. மறுநாளே அவள் மேசைக்கடியில் ஒரு தண்ணீர்த் தொட்டியை வைத்துக்கொண்டாள். மேஸ்திரி கேட்டதற்கு, மண் ஒட்டிய சரக்கைக் கழுவ என்று சொன்னாள். முகர்வதை மட்டும் விடவில்லை. எதுவும் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு துண்டையும் மூக்கருகே கொண்டுபோய், ஒரு கணம் கண்ணைச் சுருக்கி, தலையை ஆட்டிவிட்டுத்தான் போடுவாள்.

கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டுதான் வேலை பார்த்தாள். இயந்திரத்தில் போடும் முன் அவனும் ஒவ்வொரு சாக்கிலும் கையை விட்டுத் துழாவிப் பார்ப்பான். இரண்டு வாரம் ஒரு பிசகும் நடக்கவில்லை. அந்த நாட்களில் பக்கத்து மேசை மூடிக்காரி, மெலிந்து சுருண்டு செத்த தன் வீட்டுக் கோழி ஒன்றை அறுத்துப் பார்த்திருக்கிறாள். இரைப்பை நிறைய, அரவையில் சிதறும் பிளாஸ்டிக் செதில்கள். சிவப்பும் நீலமும் மட்டும்தான் இருந்தன, கறுப்பே இல்லை, கோழிகூட நிறம் பார்த்துத் தரம் பிரிக்கிறது, அதற்கும் ஒரு மேசை போடச் சொல்லலாம் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். சிரிக்கும்போது உள்ளே பயமாக இருந்தது.

இருபதாம் நாள் காலையில் ஒரு லாரி வெள்ளைப் பலகைகள் வந்தன. எங்கேயோ கடைத்தெருவை இடித்திருக்கிறார்கள். பெயர்ப்பலகைகள் எல்லாம் துண்டு துண்டாக வந்திருந்தன. கையில் எடுத்தால் எடையே இல்லை. ஒரு துண்டைத் தொட்டியில் போட்டாள், மிதந்தது. இன்னொன்றை அழுத்திவிட்டாள், துள்ளிக்கொண்டு மேலே வந்தது. சுடரில் காட்டினாள். பற்றியது, வெளியே எடுத்ததும் அணைந்தது. மேசைக்கு மேலே பெரிய மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. காற்றில் அணைந்திருக்கும் என்று நினைத்தாள். மறுபடி காட்டினாள், மறுபடி அணைந்தது. மிதக்கிறதே என்று ஒரு மனம் சொன்னது. பி.வி.சி.யிலேயே காற்றை ஏற்றி நுரையாக்கிப் பலகை செய்வார்கள் என்பதை அவளுக்கு யாரும் சொன்னதில்லை. மூக்கு இருந்தவரை சொல்ல வேண்டிய அவசியமும் வந்ததில்லை. பலகைகளை மிதக்கும் சரக்கின் சாக்கில் போட்டாள்.

சாக்குகள் அரவைக்குப் போய்த் தூளாகி, சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு உருக்கும் இயந்திரத்துக்குப் போயின. தூளில் கையை விட்டுத் துழாவிய கணவனுக்கு அது மாவாகத்தான் இருந்திருக்கும்.

அவள் மேசையில் ஒரு பொம்மையின் காலை வெட்டிக்கொண்டிருந்தாள். அரவை இயந்திரம் காதைப் பிளந்துகொண்டிருந்தது. கண் எரிந்தது. ஆனால் இந்தக் கொட்டகையில் கண் எரியாத நாள் எது? துண்டைச் சுடரில் காட்டி, ஊதி, மூக்கருகே கொண்டுபோய், கண்ணைச் சுருக்கி, தலையை ஆட்டினாள். பொம்மையைச் சாக்கில் போடத் திரும்பியபோது பக்கத்து மேசை காலியாக இருந்தது. அதற்கடுத்த மேசையும் காலி. நாற்காலி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அரவைக்காரர்கள் இல்லை, சுமை தூக்குகிறவர்கள் இல்லை. வாசலுக்கு வெளியே வெயிலில் அத்தனை பேரும் முந்தானையாலும் துண்டாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அந்த வாசம் வந்தால் போட்டது போட்டபடி ஓட வேண்டும் என்பது கொட்டகையில் முதல் நாளே சொல்லிக் கொடுக்கும் பாடம். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி கையை ஆட்டிக் கூப்பிடவில்லை. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். கொட்டகைக்கே மூக்காக இருந்தவள் மட்டும் மெழுகுவத்தி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் இயந்திரத்துப் பக்கம் திரும்பினாள். வெள்ளைப் புகை ஆளுயரத்துக்கு நின்றது. அதற்குள் அவன் குனிந்து சாக்கின் அடியைத் தட்டி, மிச்சத் தூளையும் இயந்திரத்தின் வாயில் கொட்டிக்கொண்டிருந்தான். அவள் எழுந்து ஓடுவதற்குள் முழங்கால் மடங்கி விழுந்தான். முதல்முறையாக அவளுக்கும் தொண்டை எரிந்தது. வாசம் மட்டும் கடைசிவரை தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் நான்கு நாள் முகமூடி வழியாகத்தான் மூச்சு விட்டான். ஐந்தாம் நாள் முகமூடியைச் சற்றுத் தூக்கிப் பேச முடிந்தது. அவள் கேட்கக்கூடாது என்று வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"உங்களுக்கு வாசம் தெரியலையா?"

"மொத கூடையிலயே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் நிறுத்தல?"

மூச்சைச் சேர்த்துக்கொள்ள அவனுக்கு நேரம் பிடித்தது. "நிறுத்தினா எந்த சாக்குன்னு பாப்பாங்க. மீதியையும் உள்ள தள்ளிட்டு மேல நல்ல சரக்க விட்டா அடையாளம் தெரியாம போயிடும்னு நெனச்சேன்."

அவள் அவன் காலருகே தலையை வைத்து அழுதாள். அவளுக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. அடுத்த கட்டிலுக்கு வந்த நர்ஸ் மெதுவாக அழச் சொல்லிவிட்டுப் போனாள். நுரையீரலின் பாதி இனி வேலைக்கு ஆகாது, புகையும் நெடியும் பட்டால் இருக்கிறதும் போய்விடும் என்று பெரிய மருத்துவர் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் முதலாளி ஆளனுப்பினார். வீட்டைக் காலி செய்யச் சொல்வார் என்று நினைத்து, போகும் வழியெல்லாம் எதை முதலில் கட்டுவது என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனாள். முதலாளி கோபமாக இல்லை. உட்காரச் சொன்னார். இயந்திரத்தின் உள்திருகு மொத்தமும் அரித்துப்போனதைச் சொன்னார், அதைப்பற்றித் தான் எதுவும் கேட்கப் போவதில்லை என்றும் சொன்னார். மூக்கு மேசைக்கு வேறு ஆள் பார்த்தாகிவிட்டது. அவன் இனி வேலைக்கு வர முடியாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"உன்ன வெளிய அனுப்ப எனக்கு மனசு வரலம்மா. பின்கொட்டகையில பூச்சிமருந்து டிரம் கழுவற வேலை இருக்கு. ஒருத்தரும் ரெண்டு நாளைக்கு மேல நிக்க மாட்டேங்கறாங்க, நாத்தம் தாங்கலையாம்." அவர் சற்று முன்னால் சாய்ந்தார். "உனக்குத்தான் அந்தத் தொல்லை இல்லையே."

வழி கிடைத்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் உண்மையாகவே இருந்தது. வீடு இருக்குமா என்று மட்டும் கேட்டாள். இருக்கும் என்றார். கூலி முன்பு இருந்ததில் பாதி என்றார். சரிங்க முதலாளி என்று தன் குரல் சொல்வதைக் கேட்டாள்.

பின்கொட்டகைக்கு மேஸ்திரி அழைத்துப்போனார். இருபது அடிக்கு முன்பே நின்று, துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டு, தூரத்திலிருந்தே கையை நீட்டிக் காட்டினார். நீல டிரம்கள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. அடியில் மிஞ்சியதைக் கவிழ்த்து ஊற்ற வேண்டும், உள்ளே தலையை விட்டுத் தேய்க்க வேண்டும், மூன்று தண்ணீர் கழுவி வெயிலில் வைக்க வேண்டும். நன்றாக வந்ததை வீடுகளில் தண்ணீர் பிடித்து வைக்க விற்பார்கள். கழுவிய தண்ணீரைக் கால்வாயில் விட்டால் போதும். கால்வாய் தாண்டிக் கீரைப் பாத்திகள் தெரிந்தன. வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்றும் ஆழ்துளைக் கிணறும் அதே கரையில்தான் இருந்தது.

மாலைக்குள் முப்பது டிரம் கழுவினாள். மதியம் டிரம்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். எழுந்து போய்ச் சாப்பிட அவளுக்குக் காரணம் எதுவும் இல்லை. முன்பிருந்த ஆள் இரண்டு நாளில் செய்ததை ஒரே நாளில் முடித்துவிட்டாள் என்று மேஸ்திரி தூரத்திலிருந்தே பாராட்டினார்.

வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பினாள். கணவன் முன்னறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவள் நிலைப்படியில் கால் வைத்ததுமே அவனுக்கு இருமல் வந்துவிட்டது. முதலில் அவளுக்குப் புரியவில்லை, தண்ணீர் கொடுக்க ஓடி அருகே போனாள். இருமல் கூடியது. அவன் கையை ஆட்டி ஒன்றுமில்லை என்றான். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

பின்பக்கத் தகரத் தடுப்புக்குள் போய், போட்டிருந்ததை எல்லாம் வாளியில் அமுக்கிவிட்டு, குழாயைத் திறந்து தலையோடு குளித்தாள். சோப்பு பாதியாகும்வரை தேய்த்தாள். வேறு புடவை கட்டிக்கொண்டு பின்வாசலில் வந்து நின்றாள்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு. உள்ள வா."

ஒரு காலை உள்ளே வைத்தாள். அவன் உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தை மறுபக்கம் திருப்பினான். தோள் குலுங்கியது, பிறகு அடக்க முடியாமல் இருமினான்.

அவள் வைத்த காலை எடுத்துக்கொண்டாள். முன்கையை மூக்கில் வைத்து அழுத்தி, நெஞ்சு நிறைய இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. தடுப்புக்குள் திரும்பிப் போய் மறுபடி குழாயைத் திறந்தாள்.