குருத்து ஞாயிறன்று நின்ற நோவு

என் தம்பி அருளப்பு தபசுகாலத்தில் சாராயத்தை விட்டான். பேசாலையில் பாதி ஆண்கள் விபூதிப் புதனன்று விடுவதும் பாஸ்கு வர, உயிர்த்த ஞாயிறன்று பிடிப்பதும் வருடாவருடம் நடக்கிற கூத்துத்தான். ஆனால் இவன் விட்ட இடத்தில் பனங்கட்டியை வைத்தான். வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறதாம். கடலுக்குப் போகும்போது ஒரு துண்டு, வலையில் மீன் தட்டும்போது ஒரு துண்டு, வெறுந்தேத்தண்ணியோடு ஒரு துண்டு. இடது கடைவாயில் ஒதுக்கினால் கரையும்வரை அங்கேயே கிடக்கும். சிலுவைப்பாதையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவன் அவன்தான். தொண்டைக்கும் நல்லது என்று அவன் மனைவி றொசானா உடைத்துச் சட்டைப்பையில் போட்டுவிடுவாள். குடிக்காத புருசனைக் கண்ட சந்தோசம் அவளுக்கு. அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

குறை சொல்ல வேண்டியவன் அவன். அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே ஓட்டை விழுந்த பல் ஒன்று இருந்தது. தபசின் மூன்றாம் வாரமே அது குத்தத் தொடங்கிவிட்டது. மன்னாருக்கு இழுத்துக்கொண்டு போனேன். பல் டொக்டர் ஒரு இளம் பிள்ளை. எவ்வளவு இனிப்பு என்பதைவிட எவ்வளவு நேரம் பல்லில் கிடக்கிறது என்பதுதான் கெடுதல், நாள் முழுக்க ஊறினால் எந்தப் பல்லும் தாங்காது என்றாள். இனிப்புச் சாப்பிட்டால் தேத்தண்ணியோடு முடித்துவிட்டு உடனே வாய் கொப்பளிக்கச் சொன்னாள். கிருமி வேருக்கு இறங்கிவிட்டது, பல்லை இப்போதே பிடுங்க வேண்டும் என்றும் சொன்னாள். இவன் கதிரையை விட்டு எழும்பிவிட்டான்.

"பாஸ்கு முடிய வாறன் டொக்டர். இந்த நோவை ஆண்டவருக்கு ஒப்புக்குடுத்திட்டன்."

கொடுத்த மாத்திரையையும் அவன் விழுங்கவில்லை. அலுமாரியில் மாதா சுரூபத்துக்கு முன்னால் வைத்தான். அக்கா என்ற உரிமையில் நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஊர் என்னைத் திட்டியது. உடம்பை வருத்தி ஒறுத்தல் செய்கிறவனை நான் கெடுக்கிறேனாம். கன்னம் வீங்கி வந்தவனைப் பார்த்துப் பெண்கள் தங்கள் நெற்றியில் சிலுவை போட்டார்கள். பனங்கட்டி மட்டும் நிற்கவில்லை. அது ஒறுத்தலில் சேர்த்தி இல்லையாம்.

பாஸ்குக்கு முந்தின குருத்து ஞாயிறன்று நோவு நின்றது. பூசை முடிந்து வந்தவன் இரண்டு பக்கத்தாலும் மென்று சாப்பிட்டான். றொசானா அழுதுகொண்டே மெழுகுதிரி கொளுத்தினாள். நானும் அவளோடு முழங்காலில் நின்று நன்றி சொன்னேன். ஆனால் கன்னத்து வீக்கம் வற்றவில்லை. கீழே இறங்கித் தாடைக்கு அடியில் நின்றது. தொட்டுப் பார்த்தேன், பலகை மாதிரி இருந்தது. கொஞ்சம் இறுக்கம், அவ்வளவுதான் என்றான்.

பெரிய வியாழனன்று அவன் குரல் மாறியது. வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு பேசுகிறவன் மாதிரிப் பேசினான். பனங்கட்டியைத் துப்படா என்று சத்தம் போட்டேன். அவன் வாயை முடிந்தளவு திறந்து காட்டினான். நாக்குத்தான் மேலே எழும்பி நின்றது. வாயில் வேறு ஒன்றும் இல்லை.

மறுநாள் பெரிய வெள்ளி, பின்னேரம் சிலுவைப்பாதை. அவன் பாட்டை எடுக்கவில்லை. முகத்தை வானத்துக்கு நிமிர்த்தியபடி நடந்தான். கடைவாயால் எச்சில் நெஞ்சில் வழிந்தது. பக்கத்தில் வந்தவர்கள் அதைப் பக்தி என்று நினைத்து இன்னும் உருக்கமாகப் பாடினார்கள். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். அவனால் எச்சிலை விழுங்க முடியவில்லை. தலை குனிந்தால் மூச்சு வரவில்லை.

நானும் றொசானாவும் கூட்டத்தை இடித்துத் தள்ளி அவனை ஆட்டோவில் ஏற்றினோம். றோட்டு முழுக்கச் சனம். சிலுவைக்கு வழி விட்ட சனம் எங்களுக்கு விட யோசித்தது. மன்னார் போய்ச் சேரும்வரை அவன் ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பது மாதிரி இழுத்தான்.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். கழுத்தில் வெட்டித்தான் மூச்சுக்கு வழி செய்ய வேண்டும், அதற்குப் பிறகும் ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டொக்டர். ஏன் இவ்வளவு நாள் பொறுத்தீர்கள் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமையே நோவு நின்றுவிட்டது, ஆண்டவர் சுகமாக்கிவிட்டார் என்று நினைத்தோம் என்றாள் றொசானா.

"அண்டைக்குப் பல் செத்திருக்கு, அம்மா. செத்த பல் நோகாது. கிருமி சாகேல்ல. அது கழுத்துக்கு இறங்கிட்டுது."

கதவைச் சாத்தினார்கள். கழற்றித் தந்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு றொசானா சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். சட்டைப்பையில் பனங்கட்டி வியர்வையில் இளகி ஒட்டிக் கிடந்தது. காலையில் அவள் போட்டுவிட்ட துண்டுகள். செபமாலையைக் கையில் எடுத்தாள், ஆனால் தொடங்கவில்லை.

"என்னெண்டு மன்றாடுறது மச்சாள்? அவருக்கு நோகவேணும் எண்டு கேக்கட்டோ?"

"ஓம் பிள்ளை. அதையே கேள்."

இரண்டு பேரும் அந்த வெறுந்தரையில் முழங்காலில் நின்றோம். அவன் கண் முழிக்கட்டும், நோகட்டும், நோவில் கத்தட்டும் என்று கேட்டோம். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.