ஓரம் அடிக்காத திரை

ஊசியக்காள் என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். பெற்றோர் இட்ட பெயர் ஒன்று இருந்தது. அது மருத்துவமனைச் சீட்டில் மட்டுமே வழங்கிற்று. நூல் கோத்த ஊசி இரண்டு எந்நேரமும் தோள்புறத்தில் குத்தியிருக்கும். அதனால் வந்த பெயர் என்று அவள் சொல்வாள். நாக்கினால் வந்த பெயர் என்று அவள் கணவர் சொல்வார். எங்கே சென்றாலும் அங்கே தொங்கும் திரைச்சீலையின் கீழோரத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பது அவளது வழக்கம். உறவினர் வீட்டில் வாய் நலம் விசாரித்துக்கொண்டிருக்க, கை தன்பாட்டில் சன்னலுக்குப் போய்விடும். தையல் நேராக ஓடியிருக்கிறதா, துணி ஒழுங்காகத் தொங்குவதற்கு வேண்டிய கனம் ஓரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பாள். நன்றாக இருந்தால் பேசாமல் விட்டுவிடுவாள். இல்லாவிட்டால்தான் வீட்டுக்காரருக்குப் பொல்லாத வேளை. கையில் அறுவைச் சிகிச்சை செய்யும்பொருட்டு அவளைப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனபோதுகூட, வழியில் தொங்கிய பச்சைத் திரையை இடக்கையால் எட்டிப் பிடித்து, "பிரிஞ்சு கெடக்கு, யாரும் பார்க்கல" என்றாள்.

அதன்பின் அவள் எந்தத் திரையையும் திருப்பிப் பார்க்கவில்லை.

வாடிக்கையாளர் ஒருவர் வீட்டில் திரை மாட்டும்போது சன்னற்கண்ணாடி உடைந்து அவளது வலக்கையைக் கிழித்திருந்தது. மருத்துவர் தசைநாரைச் சேர்த்துத் தைத்தார். காயம் ஆறிற்று, ஆயினும் நடுவிரலும் மோதிர விரலும் மடங்க மறுத்தன. விடாமல் பயிற்சி செய்தால் ஓரளவு மடங்கும் என்று சொல்லி மருத்துவர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தனுப்பினார். அது சன்னல் மேடையில் தூசி படிந்து கிடந்தது. அவளோ தையல் மெஷின்மேல் ஒரு பழைய விரிப்பைப் போட்டு மூடினாள், பக்கத்துத் தெருத் தையற்காரரைத் தானே கூப்பிட்டு, "சும்மாதான் நிக்குது. சனிக்கிழமை வண்டி கொண்டுவந்து எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டாள்.

சன்னல்களை அளந்து கம்பி பொருத்துவது கணவரின் வேலை. திரை தைப்பது அவளது வேலை. இப்படியே இருவரும் சேர்ந்து பிழைத்து வந்தவர்கள். இப்போது அவர் துணியை வெளியே கொடுத்துத் தைத்து வாங்கினார். மெஷினைக் கொடுக்க வேண்டாம் என்று தடுக்க அவருக்கு மனம் இருந்தது, வாய் வரவில்லை. தடுத்தால், "அப்ப நீங்க உக்காந்து தைங்க" என்பாள்.

மாலை வேளைகளில் அவர் பழைய கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடுவார். பாழடைந்த மாளிகையொன்றில் காணாமற்போன மனிதர் ஒருவரைத் தேடும் விளையாட்டு அது. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் ஊசியக்காள் அன்று என்ன நினைத்தாளோ, புரண்டு படுத்து, கம்ப்யூட்டரில் தெரிந்த மாளிகைச் சன்னலை நோக்கினாள்.

"அந்த ஜன்னல் ஸ்கிரீனைத் தைச்சவனுக்கு ரெண்டு கையும் இல்ல போல."

அவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார். கை என்ற சொல்லையே அவள் முன்னால் எடுக்க வீட்டில் எவரும் துணியாதிருந்த காலம் அது. அவளே எடுத்துவிட்டாள், அதுவும் கேலியாக.

"ஏன், என்ன குறையாம்?" என்று மெல்லக் கேட்டார்.

"வெளிய மரம் பேய் மாதிரி ஆடுது. ஜன்னல் திறந்து கெடக்கு. ஸ்கிரீன் மட்டும் தகரம் மாதிரி நிக்குது. அது துணியா, கதவா?"

இதைச் சொல்லிவிட்டு மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனாலும் அது போதுமானதாயிருந்தது. மறுநாளே அவர் மைத்துனன் கடைக்குச் சென்றார். ஊசியக்காளின் தம்பி, பழைய கம்ப்யூட்டர் பாகங்களை வாங்கி விற்பவன். முன்தலை வழுக்கையைத் தொப்பியால் மறைத்திருப்பவன்.

"தைச்சவங்க மேல தப்பில்ல அத்தான். உங்க கம்ப்யூட்டருக்குத் தாங்காதுன்னு துணி ஆடறதை நான்தான் அணைச்சு வெச்சிருக்கேன். துணி ஆடறது, புகை சுருளறது, கண்ணாடி சிதறறது எல்லாத்துக்கும் நிமிஷத்துக்கு நிமிஷம் கணக்குப் போடணும். உங்க கிராஃபிக்ஸ் கார்டுக்குப் படம் வரையறதுக்கே மூச்சு வாங்குது."

"அப்ப வழியே இல்லையா?"

"இந்த மாதிரிப் பழைய கேமுக்கு ஒரு வழி இருக்கு. மலிவா ரெண்டாவது கார்டு ஒண்ணு போட்டு, கணக்கை மட்டும் அதுகிட்ட விட்டுடலாம். படம் வரையறது ஒண்ணு, துணியை ஆட்டறது ஒண்ணு. இப்பல்லாம் யாரும் இதைக் கேக்கறதில்ல. ஒரு கேமுக்காக ஏன் இவ்வளவு சிரமம்?"

"உங்கக்கா சிரிச்சாடா மச்சான்" என்றார் அவர். "சிரிச்ச மாதிரி இருந்துச்சு."

தம்பி மூன்று கார்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தான். ஒன்று விரல் நீளமே இருந்தது, விசிறிகூடக் கிடையாது. மற்றொன்று மெலிதாக, ஒரு சிறு விசிறியோடு இருந்தது. மூன்றாவது செங்கல்லைப் போலத் தடித்து, இரண்டு விசிறிகளைத் தாங்கியிருந்தது.

"நடுவுல இருக்கறதே தாராளம்" என்றான் தம்பி.

அவரோ செங்கல்லைத் தூக்கிக் கையில் எடை பார்த்தார். "துணி விஷயத்துல கஞ்சத்தனம் கூடாது. ஜன்னல் அகலத்துக்கு ரெண்டு பங்கு துணி எடுத்தாத்தான் கொசுவம் அழகா விழும்."

"அத்தான், துணி கேமுக்குள்ள இருக்கு. இது கார்டு."

"உங்கப்பா மாதிரியே கஞ்சம்டா நீ."

"அந்தக் கஞ்சர்தான் உங்களுக்குப் பொண்ணு கொடுத்தாரு. சரி, எடுத்துக்கிட்டுப் போங்க. ஒத்துவரலன்னா கொண்டுவாங்க, மாத்திக்கலாம்."

கழுத்தில் கிடந்த டேப்பால் கார்டின் நீளத்தை அளந்து, பொருந்தும் என்று உறுதி செய்துகொண்டு வீடு திரும்பினார். கம்ப்யூட்டர்ப் பெட்டியைத் திறந்து, முதல் கார்டுக்கு அடியில் கார்டு செருகும் இடத்தில் அதை அழுத்தினார். இருந்த இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு அது உட்கார்ந்தது. விளையாட்டைத் தொடங்கியபோது மாளிகையின் சன்னலில் தொங்கிய திரை இலேசாக ஒரு மூச்சு இழுத்தாற்போல உப்பிற்று.

"இங்க பாரேன்" என்று அழைத்தார்.

ஊசியக்காள் எழுந்து உட்கார்ந்து கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் கம்ப்யூட்டர் அணைந்துபோயிற்று. மீண்டும் போட்டார். மீண்டும் திரை உப்பிற்று, மீண்டும் அணைந்தது. பெட்டியின் பக்கவாட்டைத் தொட்ட அவர், சூடு தாங்காமல் கையை உதறிக்கொண்டார்.

ஊசியக்காள் கட்டிலை விட்டு இறங்கி வந்தாள். குனிந்து பெட்டிக்குள்ளே பார்த்தாள். "மேல இருக்கிற கார்டோட ஃபேன் எங்கிருந்து காத்து இழுக்கும்?"

"கீழ இருந்துதான்."

"கீழதான் செங்கல்லை வெச்சு அடைச்சிட்டீங்களே. கம்பியைச் சுவத்தோட ஒட்டி அடிச்சா துணி எப்படி அசையும், விரல் போற இடமாவது விடணும்னு ஊருக்கெல்லாம் சொல்றது யாரு?"

"நான்தான்" என்றார் அவர்.

அவள் தன் வலக்கையின் மடங்காத மோதிர விரலை இரு கார்டுகளுக்கும் இடையே செருகிப் பார்த்தாள். நுனிகூட நுழையவில்லை. "டேப்பைக் கழுத்துல மாட்டிக்கிட்டுப் போயி நீளத்தை மட்டும் அளந்திருக்கீங்க" என்றாள். பிறகு சற்றே தயங்கி, "கழட்டுங்க. நானும் வரேன்" என்றாள்.

மருத்துவமனைக்கல்லாது வேறெங்கும் செல்லாமலிருந்தவள் அவள். அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசாமல் கழற்றும் வேலையில் முனைந்தார். பேசினால் மனத்தை மாற்றிக்கொள்வாளோ என்று அஞ்சினார்.

அக்காளைக் கண்டதும் தம்பி நாற்காலியைத் துடைத்துப் போட்டான். கடைக்குள் சரக்கறையை மறைத்து ஒரு நீலத் திரை தொங்கிற்று. அதன் கீழோரம் ஒருபுறம் ஏறி, ஒருபுறம் இறங்கிக் கிடந்தது. அவள் கை அதற்குப் போகுமா என்று கணவர் பார்த்தார். போகவில்லை. அவள் அதைத் தாண்டிச் சென்று மேசைமுன் அமர்ந்தாள்.

"இந்தக் குட்டி எதுக்கு ஆகாது?" என்று விசிறியற்ற கார்டைக் காட்டினாள்.

"அதுக்குப் பலம் பத்தாதுக்கா. படம் வரையற கார்டு தன் வேலையை முடிச்சிட்டு, இது கணக்குப் போட்டு முடிக்கற வரைக்கும் சும்மா நிக்கும். அதுக்கு ரெண்டாவது கார்டு இல்லாமலே இருக்கலாம்."

"நான் தைச்சு முடிச்சிட்டு, உங்கத்தான் ஏணி தேடற வரைக்கும் நிக்கற மாதிரி."

"அதேதான்."

"ஏணியை இவதான் ஒளிச்சு வெப்பா" என்றார் கணவர்.

தம்பி கடையில் கிடந்த வெற்றுப் பெட்டியொன்றில், வீட்டில் இருந்த கார்டைப் போன்ற ஒன்றையும் அதற்குக் கீழே மெலிந்த கார்டையும் பொருத்திக் காட்டினான். அவள் மோதிர விரலை நீட்டினாள். இடைவெளியில் அது தடையின்றி உள்ளே சென்று வெளியே வந்தது.

"மடங்கற விரலா இருந்தா இவ்வளவு நேரா அளக்க முடியாது" என்றாள். தம்பிக்குச் சிரிப்பதா கூடாதா என்று தெரியவில்லை. அத்தானைப் பார்த்தான். அத்தான் டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அவள் சிரித்த பிறகே மற்ற இருவரும் சிரித்தனர்.

"தனியா கரண்டு ஒயர் ஏதாவது குடுக்கணுமா இதுக்கு?"

"வேண்டாங்க்கா, பொருத்தற இடத்துல கிடைக்கிறதே போதும். ரெண்டும் ஒரே கம்பெனி கார்டு, சண்டை போடாது. நானே வந்து மாட்டித் தரேன்."

"நீ முன்னாடியே வந்திருக்கலாம்."

"அத்தான் துணிக் கணக்குச் சொன்னாரு, பயந்துட்டேன்."

அன்று மாலையே தம்பி வந்து கார்டைப் பொருத்தி, வேண்டியவற்றை மாற்றியமைத்தான். மூவரும் கம்ப்யூட்டரின் முன் நெருக்கியடித்து உட்கார்ந்தனர். சிறு விசிறி ஒன்று கூடுதலாகச் சுழலும் ஓசை கேட்டது. மற்றபடி பெட்டி அமைதியாயிருந்தது. மாளிகைக்குள் புயல் புகுந்தது. நீண்ட வெண்டிரை எழும்பி, அறைக்குள் பாதி தூரம் வந்து, தயங்கி, அலையலையாகத் தாழ்ந்து, சன்னலோடு போய் ஒட்டிக்கொண்டது. மறுபடியும் எழும்பிற்று.

ஊசியக்காள் கட்டிலில் இருந்த போர்வையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்திருந்தாள். கணவர் திரையைப் பார்க்காமல் அவளையே பார்த்திருந்தார்.

"அதைத் திருப்பிக் காட்டுங்க" என்றாள்.

"எதை?"

"ஸ்கிரீனோட கீழோரத்தை."

"இதுல கையால பிடிக்க முடியாதும்மா. ஆள் நடந்துபோனா விலகும், அவ்வளவுதான்."

"அப்ப நடங்க."

அவர் விளையாட்டில் தேடிச் செல்லும் மனிதரைச் சன்னல்திரையின் ஊடே நடத்தினார். துணி அந்த மனிதரின் தோளில் வழிந்து, விலகி, பின்னால் விழுந்தது. "கொஞ்சம் மெதுவா" என்றாள். மீண்டும் நடத்தினார். "இந்தப் பக்கத்திலிருந்து வாங்க." வந்தார். சன்னலுக்கும் அறைக்குமாக அந்த மனிதர் போய்வந்து கொண்டேயிருந்தார்.

"காணாமப் போனவர் உள்ளே காத்துக்கிட்டிருக்காரு அத்தான்" என்றான் தம்பி.

"இருக்கட்டும். உங்கக்கா பார்த்து முடிக்கட்டும்."

அடுத்த முறை துணி விலகியபோது கீழோரம் ஒரு கணம் புரண்டு பின்புறத்தைக் காட்டிற்று. அவள் சட்டென்று முன்னால் சாய்ந்தாள். வலக்கை தானாக நீண்டு, விறைத்த இரு விரல்களும் கண்ணாடித் திரைமேல் பட்டன.

"ஓரமே அடிக்கல" என்றாள். "வெட்டினது வெட்டினபடி விட்டிருக்காங்க. கனம் இல்லாததாலதான் இப்படிப் பறக்குது. ஒரு மடிப்பு மடிச்சு அடிச்சிருந்தா, இவ்வளவு காத்துக்கு நின்னு ஆடும்."

"புயல்தானே, பறக்கட்டும்னு விட்டிருப்பாங்க" என்றான் தம்பி.

"புயலுக்கும் ஓரம் அடிக்கணும்டா. உன் கடையில தொங்கறதையும் பார்த்தேன். வாய் திறக்கலையேன்னு நினைக்காத."

கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கீழே பார்த்தபோதுதான் அதைக் கண்டார். பேசிக்கொண்டிருக்கையிலேயே அவள் மடியிலிருந்த போர்வையின் விளிம்பை வலக்கைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் சிறிது சிறிதாக மடித்து நீவிக்கொண்டு வந்திருந்தாள். மடங்காத இரு விரல்களும் அடியில் நீட்டியபடி கிடந்து, துணி நழுவாமல் அணையாகத் தாங்கியிருந்தன. மடிப்பு நூல் பிடித்தாற்போல நேராக ஓடியிருந்தது.

அவர் பார்ப்பதைக் கண்டு அவளும் குனிந்து பார்த்தாள். கையை எடுத்தாள், மடிப்பு அப்படியே இருந்தது. இன்னும் ஒரு சாண் மடித்துப் பார்த்தாள். வலித்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதுவும் நேராகவே வந்தது. தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் அவன் காலை மெல்ல மிதித்தார்.

ஊசியக்காள் போர்வையை ஒதுக்கிவிட்டு எழுந்துபோய், சன்னல் மேடையில் கிடந்த பந்தை எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

"தையற்காரருக்குப் போன் போட்டுச் சொல்லிடுங்க" என்றாள். "மெஷினைக் கொடுக்கல. எண்ணெய் விட்டு வைங்க, நாளைக்கு ஓட்டிப் பார்க்கிறேன்."