இறுக்கமான தாழ்ப்பாள்

ஹூஸ்டனில், எடையில்லாமல் மிதந்து பழகும் பயிற்சிக் குளத்தின் அடியில், கனத்த விண்வெளி உடைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தாள் டெல்ஃபீன். நேற்றுவரை எஞ்சினியர்; இப்போது விண்வெளிக்குப் போகத் தேர்வானவள். எதிரே இருந்த கருவிப் பெட்டியின் தாழ்ப்பாள் அசைய மறுத்தது. காற்றடைத்த கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போயின.

"இதை எந்த மடையன் வடிவமைச்சான்? கையுறைய ஒரு தடவையாவது மாட்டிப் பாத்திருப்பானா?" என்று மைக்கில் பொரிந்து தள்ளினாள்.

மேலே கட்டுப்பாட்டு அறையில் பயிற்சியாளர் வேட் சிரித்தார். அவரே இரண்டுமுறை விண்வெளிக்குப் போய் வந்தவர்.

"வரைபடத்துல இருக்கிறது உன் கையெழுத்துதாம்மா. இறுக்கமா இருக்குன்னு நாங்க சொன்னப்ப, 'போய் தண்டால் எடுங்க'ன்னியே, ஞாபகம் இருக்கா?"

டெல்ஃபீனுக்குச் சுருக்கென்றது. பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. விரல்களை நம்பாமல் தோள்பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தாள். தாழ்ப்பாள் திறந்தது.

"திறந்துட்டேன்! நாளைக்கே இதை மாத்தி வரையறேன். ஆனா, அந்த எஞ்சினியரை முதல்ல வேலைய விட்டுத் தூக்குங்க, வேட்!"

"தூக்கத்தானே போறோம்," என்றார் வேட். "ராக்கெட்டுல."